ஈஸ்ட்டுக்கு ஏதுடா கர்ப்பப்பை?

வாடா கண்ணு, இப்படிக் குக்கு. நேத்து திண்ணையில உன்ற சேக்காளிககிட்ட, "பிஜிஆர்எம்சி1, செல் சவ்வுல இருக்குற புரோஜெஸ்டிரோன் ஏற்பி"ன்னு அளந்துக்கிட்டிருந்தியே, அதப் பத்தி ஒரு சந்தேகம். படிச்சவன் நீ. அப்புச்சி தப்பாக் கேட்டாத் திருத்திப்போடு.

1996ல ஜெர்மனிக்காரங்க பன்னி ஈரல் சவ்வைக் கரைச்சு, புரோஜெஸ்டிரோன் எதுல ஒட்டுதுன்னு தேடுனாங்க. இவன் ஆப்புட்டான். உடனே பட்டம் கட்டியாச்சு. பட்டு வேட்டியோட முன்னால நின்னான்னு மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலை போட்ட கதையா இருக்குதே! இவன் தனியா அந்த ஹார்மோனை நேராப் புடிக்கிறானாங்கிற வழக்கே இன்னும் தீரலை. 2011ல சிக்மா-2 ஏற்பியும் இவந்தான்னாங்க. 2017ல அது டிஎம்இஎம்97ங்கிற வேற ஆளுன்னு தெரிஞ்சு போச்சு.

அது கெடக்குது. ரொட்டி மாவைப் பொங்க வெக்கிற ஈஸ்ட் இருக்குதில்ல, அதுக்குக் கர்ப்பப்பை ஏது, புரோஜெஸ்டிரோன் ஏது? ஆனா இவன் பங்காளி டாப்1 அங்கயும் குடியிருக்கிறான். சும்மா இல்லடா, இரும்பு வெச்ச ஹீமைப் புடிச்சுக்கிட்டு, எர்க்11ங்கிற சைட்டோகுரோம் பி450 நொதிக்குக் கூடமாட ஒத்தாசை பண்றான். நமக்குக் கொலஸ்ட்ரால்னா ஈஸ்ட்டுக்கு எர்கோஸ்டெரால். அவனைப் புடுங்கிப் போட்டா அது கொறையுது, புளூகோனசோல் மருந்துக்குச் செல்லு சுலபமா மடங்கிருது. நம்ம உடம்புலயும் அதே பி450 பக்கத்துலதான் இவன் நிக்கிறான். புழுவுல நரம்பு இழைக்கு வழி காட்டுற சோலியும் இந்த வம்சத்துக்கு உண்டு.

வம்சம்னா சைட்டோகுரோம் பி5 சாயல். ஆனா அங்க ஹீமை ரெண்டு ஹிஸ்டிடின் புடிக்கும், இவனுக்கு 113ஆம் எடத்து டைரோசின் ஒண்ணுதான். ஹீமோட மறுபக்கம் தொறந்து கெடக்குது. அங்கதான் விசேசம்: இவனுகள்ல ரெண்டு பேரோட ஹீமும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு ஜோடி சேருது, சேந்துதான் ஈஜிஎஃப்ஆர்ங்கிற வளர்ச்சி ஏற்பி கூட ஒட்டி, புத்துநோய்ச் செல்லு பெருகக் கை குடுக்குது. கார்பன் மோனாக்சைடு வந்து ஹீமுல உக்காந்தா ஜோடி பிரிஞ்சிரும். 2016ல ஜப்பான்காரங்க படிகமாக்கிப் பாத்தே காட்டிட்டாங்க.

நீ என்னடான்னா ஆய்வுக்கூடத்துல செல்லு வளக்குற தட்டுத்தட்டாப் புரோஜெஸ்டிரோனை ஊத்திப்போட்டு மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றே. அந்த டைரோசினை மாத்திப் பாத்தியா? பாக்கல! ஹீமு உழுந்த பொறவும் உன்ற ஏற்பி வேலை செஞ்சான்னா, சேக்காளிககிட்ட அப்ப அளந்துக்கோ, அப்புச்சி வாயத் தொறக்க மாட்டேன்.