ஓசியில் வந்த கண்

கண் டாக்டர் 'ஓ.சி.டி.' ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். பெயரிலேயே 'ஓசி' இருக்கிறதே, காசு வாங்க மாட்டார்கள்தானே?
— வாசகர், அரியலூர்

ஓசியில் வந்தது உங்கள் கண் மட்டும்தான். அதற்கு பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை!

உங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் ஆதிகாலக் கடலின் அடுக்குகளைப் பார்க்க பூமியையே வெட்ட வேண்டியிருக்கிறது. விழித்திரையின் பத்து அடுக்குகளைப் பார்க்க ஊசி, கத்தி எதுவும் வேண்டாம். ஓ.சி.டி. ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்தே மைக்ரான் கணக்கில் படம் பிடித்துவிடும். 1991-ல் உலகுக்கு அறிமுகமான நுட்பம் இது.

சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுவே நீர் கோப்பதையும், கண் அழுத்த நோயால் நரம்பிழைகள் மெலிவதையும் பார்வை மங்கும் முன்பே இதில் பார்க்கலாம். தேய்ந்த நரம்பு திரும்பி வராது. ஓசியோ காசோ, எடுத்துவிடுங்கள்.