பேசினவங்க பேரை எழுது!

ஜூன் பிறந்தால் பள்ளிகளில் லீடர் தேர்வு. இந்த முறை தபாலும் அதைப் பற்றியே வந்து குவிந்திருக்கிறது. அரசியல் கேள்வி அனுப்பிய அன்பர்கள் ஒரு இதழ் பொறுத்தருள்க. இதுவும் அரசியல்தான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி: கிளாஸ் லீடருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

வாத்தியார் வரும்வரை பேசினவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதலாம். நண்பன் பெயரை அவர் வருவதற்குள் அழிக்கலாம். சாக்பீஸ் எடுத்துவர ஆபீஸ் ரூமுக்குப் போகலாம். போய்விட்டு மெதுவாகத் திரும்பலாம்.

தம்பி, உங்கள் லீடர் யாருடைய ஆள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போன மாதம் அவர் வாத்தியாரிடம் கொடுத்த பெயர்கள் எத்தனை, வகுப்பின் சார்பில் அவரிடம் கொண்டுபோன குறைகள் எத்தனை? இரண்டாவது எண் பூஜ்யம் என்றால், அவரை நீங்கள் வாக்குப் போட்டே தேர்ந்தெடுத்திருந்தாலும் அவர் உங்கள் பிரதிநிதி இல்லை. சம்பளம் இல்லாத உதவி ஆசிரியர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: இந்த லீடர் முறையே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?

ஐயா, இங்கிருந்து போய், அங்கே கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது என்று சொல்லலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சட்டாம்பிள்ளையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆசிரியரான அண்ணாவியார் இல்லாதபோது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன், முறை வைப்பவன், கோள் சொல்பவன் எல்லாம் அவனே.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்த வந்தார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்று கைவிரித்துவிட்டார். பெல் சளைக்கவில்லை; எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொன்னார். பையன் சொல்லித்தந்தான். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளியின் பெயர் இன்றைக்கும் ‘மதராஸ் காலேஜ்’. சென்னைக்காரர்களே மதராஸை விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

அதிகாரம் ஏறியது அதற்குப் பிறகு. ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒழுங்கை ஒப்படைத்தார். சின்னப் பையன்களைப் பிரம்பால் அடிக்கும் உரிமையும் அதில் சேர்த்தி. அந்த ‘பிரிஃபெக்ட்’ முறை சாம்ராஜ்யம் போன இடமெல்லாம் போனது. ஆக, பாடம் சொல்லித்தந்த சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனார். பேட்ஜும் பிரம்புமாகத் திரும்பினார்.

ஒரு தாய், திண்டுக்கல்: ஆறாவது படிக்கும் என் மகளை லீடர் ஸ்கேலால் அடித்திருக்கிறான். மிஸ் கேட்டால், “அவனுக்கு நான்தான் பொறுப்பு கொடுத்திருக்கிறேன்” என்கிறார்.

தன்னிடம் இல்லாததை அவர் எப்படிக் கொடுத்தார்? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவு: குழந்தையை அடிப்பதும் கூடாது, மனதளவில் துன்புறுத்துவதும் கூடாது. ஆசிரியர் கையிலிருந்தே சட்டம் பிரம்பைப் பிடுங்கிவிட்டது. அந்த மிஸ்ஸிடம் இன்னொரு முறை வாயால் கேட்க வேண்டாம். தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கையில் ஸ்கேலைக் கொடுத்தவர் மேல் இருக்கிறது.

தலைமையாசிரியை, தென்காசி மாவட்டம்: தேர்தல் வைத்தால் சாதி உள்ளே வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நாங்களே நியமித்துவிட்டால் என்ன?

பயம் நியாயமானது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லும் நிலையில்தான் நாம் இருக்கிறோம். ஆனால் நியமித்தால் மட்டும் சாதி வாசலில் செருப்போடு நின்றுவிடுமா? “அந்த டீச்சர் யாரைப் போட்டிருக்காங்க பாத்தியா?” என்ற பேச்சு அன்று மாலையே பஸ் ஸ்டாப்பில் ஓடும்.

வேட்புமனுவில் குறைந்தது மூன்று வகுப்பறைகளைச் சேர்ந்தவர்கள் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி செய்யுங்கள். பிரச்சாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். வெளியே போஸ்டர், மிட்டாய், வாட்ஸ்அப் எதுவும் கிடையாது. வாக்குச்சீட்டு ரகசியம். வகுப்பறைவாரியாக எண்ணாமல் எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் கலந்து எண்ணுங்கள். எந்த வகுப்பு யாருக்குப் போட்டது என்று தெரியாவிட்டால் பழிவாங்க ஆள் கிடைக்காது.

லீடருக்குத் துணையான குழுக்களுக்குத் தேர்தலே வேண்டாம், சீட்டுக் குலுக்குங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். சோழன் முதலாம் பராந்தகன் காலம், 919-ம் ஆண்டும் 921-ம் ஆண்டும். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க முப்பது குடும்புகளில், அதாவது வார்டுகளில், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். இதை மேடைதோறும் ஜனநாயகம் என்று முழங்குகிறோம். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது என்பதை மைக் முன்னால் சொல்வதில்லை. இருந்தாலும் இரண்டு விதிகளைக் கூசாமல் கடன் வாங்கலாம். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் மாதிரி உங்களுக்குத் தண்ணீர்க் குழு, நூலகக் குழு, மைதானக் குழு. குலுக்கலில் பெயர் வந்த பிள்ளையை எந்தச் சாதியின் ஆள் என்று சொல்வது? குடத்தின் மேல்தான் புகார் கொடுக்க வேண்டும்.

பிளஸ் ஒன் மாணவர், நாமக்கல்: எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) ஆனால் மார்க் குறையுமா?

குறைந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். மற்றவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

கணித ஆசிரியர், ஈரோடு: என் வகுப்பில் 40 பேர். ஐந்து பேர் நின்றார்கள். 11, 9, 8, 7, 5 என்று விழுந்தது. 11 வாங்கியவன் லீடர். இது சரியா?

நம் சட்டமன்றத் தொகுதிகளிலும் இந்தக் கணக்குத்தான், யாரும் அழவில்லை. ஆனால் நாற்பது பேரில் 29 பேர் வேண்டாம் என்றவர் ஒரு வருடம் அவர்கள் முன்னால் நிற்கப்போகிறார். முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து மறுநாள் இன்னொரு சுற்று நடத்துங்கள். பத்து நிமிட வேலை. ஜெயிப்பவருக்குப் போட்டவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு இருக்கும். மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லி, கடைசி ஆளை நீக்கி நீக்கி எண்ணினால் இன்னும் நல்லது. அது முடிவதற்குள் உங்கள் பாடமும் ஒன்று முடிந்துவிடும்.

விரலில் மை வைக்க ஸ்கெட்ச் பேனா போதும். நிஜ மை மைசூரில் தேர்தலுக்கென்றே தயாராகிறது, கடையில் கிடைக்காது.

சமூக அறிவியல் ஆசிரியை, கரூர்: மாணவர் மன்றம் அமைத்துவிட்டோம். டி.எஸ்.பி.யை அழைத்துப் பதவியேற்பு விழாவும் பிரமாதமாக நடத்தினோம். இனி என்ன செய்வது?

விழாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், வேலையைப் பற்றி ஒரு வரி. பெரும்பாலான மன்றங்கள் பதவியேற்பு அன்றே ஓய்வு பெற்றுவிடுகின்றன.

முதலில் நேரம். பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம், பள்ளி நேரத்துக்குள், ஒரு பீரியட். “நாலரை மணிக்கு மேல் இருங்கள்” என்றால் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் மன்றம்தான் மிஞ்சும்.

அடுத்தது நோட்டு. நடுவில் கோடு போட்ட ஒரு நீளநோட்டு. இடப்பக்கம் மன்றம் கேட்டது, வலப்பக்கம் தலைமையாசிரியரின் பதில், தேதியோடு. ‘முடியாது’ என்பதும் பதில்தான், ஆனால் ஏன் முடியாது என்று எழுத வேண்டும். வலப்பக்கம் காலியாகவே கிடந்தால் அந்த நோட்டைப் பெற்றோர் கூட்டத்தில் மேஜை மேல் வையுங்கள். யாரும் எதுவும் பேச வேண்டாம், அது பேசும்.

மூன்றாவதாக எல்லை. எது பிள்ளைகள் முடிவு, எதில் அவர்கள் கருத்து மட்டும், எது அவர்கள் வேலையே இல்லை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். விளையாட்டு விழாவில் எந்தப் போட்டி எப்போது, நூலகம் எந்த இடைவேளையில் திறக்கும், ஆண்டு விழாவில் யார் தொகுப்பாளர் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யட்டும். கால அட்டவணை, கழிவறைத் தண்ணீர், சீருடை பற்றிக் கருத்துக் கேளுங்கள். இன்னொரு மாணவனுக்குத் தண்டனை கொடுப்பது, ஆசிரியரின் சொந்த விஷயம், கட்டணம் பக்கம் அவர்களை விடாதீர்கள். எல்லை சொல்லாமல் “எது வேண்டுமானாலும் பேசுங்கள்” என்றால் முதல் கூட்டத்தில் நீச்சல்குளம் கேட்பார்கள், இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

கடைசியில் பணம். ஐந்நூறு ரூபாயானாலும் அவர்கள் செலவழித்து, ரசீது ஒட்டி, கணக்கை அறிவிப்புப் பலகையில் போடட்டும். பொருளாளர் என்று ஒருவருக்குப் பேட்ஜ் குத்திவிட்டு ஒரு ரூபாயைக் கண்ணில் காட்டாத பள்ளிகளை நான் அறிவேன்.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதை மன்றம் விவாதிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை விவாதிக்காவிட்டால் பிறகு எதற்கு மன்றம்? (ஈரோட்டு ஆசிரியர் மன்னிப்பாராக.)

பிளஸ் டூ மாணவி, விருதுநகர்: எங்கள் மன்றத்தில் எதிர்க்கட்சி வைக்கலாமா?

ஆளுங்கட்சிக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். எதிர்க்கட்சி தானாக வரும்.

வட்டாரக் கல்வி அலுவலகப் பணியாளர், அரியலூர்: அரசுப் பள்ளிகளில்தான் ‘மகிழ் முற்றம்’ வந்துவிட்டதே. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள், தலைவர்கள். தனியாக மன்றம் எதற்கு?

2024-ல் வந்த நல்ல ஏற்பாடு. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேர்கிறார்கள். இதற்கு முன்னோடியான ‘ஹவுஸ்’ என்பது இங்கிலாந்து விடுதிப் பள்ளிகளில் பையன்கள் நிஜமாகவே சேர்ந்து வாழ்ந்த வீடு. நம்மூர்ப் பிள்ளைகள் சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவதால் திணைப் பெயர் இன்னும் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் மகிழ் முற்றம் போட்டி போட்டுப் புள்ளி வாங்கும் இடம். முல்லை மருதத்தை ஜெயிக்கலாம். குடிநீர்க் குழாய் உடைந்திருப்பது ஐந்து திணைக்கும் பொது. அதைப் பேசத் தனி இடம் வேண்டும்.

வழக்கறிஞர், மதுரை: பள்ளி நிர்வாகத்தில் மாணவருக்குச் சட்டப்படி இடம் உண்டா?

சின்ன இடம், அதுவும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர். மீதி கால்வாசியை மத்திய அரசின் 2010-ம் ஆண்டு விதிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று, உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளிக் குழந்தைகளுக்கு ஒன்று. அந்த மூன்றாவது நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு. இந்தியா 1992-லேயே அதை ஏற்றுக்கொண்டது.

கல்லூரி மாணவர், புதுச்சேரி: வெளிநாட்டில் பிள்ளைகளே பள்ளிக்கூடம் நடத்துகிறார்களாமே, நிஜமா?

ஏ.எஸ். நீல் 1921-ல் தொடங்கிய, இப்போது இங்கிலாந்தில் இருக்கும் சம்மர்ஹில் பள்ளியில் அன்றாட விதிகளைப் பொதுக்கூட்டம் போடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, தலைமையாசிரியருக்கும் ஒரு வாக்கு. அரசாங்கம் அதை இழுத்து மூடப் பார்த்தபோது வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ல் சமரசம் பேசினார்கள். ஏற்கலாமா என்று முடிவு செய்ய, மாணவர்கள் அந்த நீதிமன்ற அறையிலேயே பள்ளிக் கூட்டம் நடத்தி வாக்கெடுத்தார்கள்.

எனக்கு நீலைவிடப் பெரிய ஆள் யானுஷ் கோர்ச்சாக். போலந்து மருத்துவர், வார்சாவில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கு 1912 முதல் இல்லம் நடத்தினார். அங்கே குழந்தைகள் நீதிமன்றம் உண்டு. அந்த வாரம் தன் மேல் வழக்கு இல்லாத பிள்ளைகளில் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளை எடுத்தார்கள். சட்டப் புத்தகத்தின் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பு அல்லது தள்ளுபடி. நூறுக்கு மேல்தான் குற்றம், ஆயிரமாவது பிரிவு வெளியேற்றம். ஒரு பையனைக் காதோடு அறைந்ததற்காகக் கோர்ச்சாக்கே அந்தக் கோர்ட்டில் நின்றிருக்கிறார். இப்படி வெவ்வேறு வழக்குகளில் ஆறு மாதத்தில் ஐந்து முறை! 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பியபோது அவரும் கூடப் போனார்.

நம் கன்னியாகுமரிப் பக்கம் தொடங்கிய அக்கம்பக்கக் குழந்தைகள் பாராளுமன்றங்களையும் போய்ப் பாருங்கள். முப்பது வீட்டுக்கு ஒன்று. புதுச்சேரியிலிருந்து விசா வேண்டாம்.

ஏழாம் வகுப்பு மாணவி, சிதம்பரம்: நான் எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன். மூணு நிமிஷம் பேசணும். என்ன வாக்குறுதி கொடுக்கட்டும்?

ஒன்றே ஒன்று போதும்மா. “மன்றத்தில் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரேயரில் வாசிப்பேன்” என்று சொல்லுங்கள். உங்களால் செய்ய முடிந்தது அது. செய்யாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மீதி இரண்டரை நிமிடத்தில், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எத்தனை வாக்கு என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.