கேப்பர் மலைக்கு வந்த பூட்ஸ்

செருப்பை வாசலோடு நிறுத்திவிடுகிற குடும்பம் எங்களுடையது. அந்த ஜோடி மட்டும் பெட்டியோடு கூடத்துக்குள் வந்து டீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்தது. கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்து மலைகளில் பனிக்காலத்தில் நடப்பதற்கென்று வாங்கி, இரண்டே முறை போட்டானாம். ஏன் இரண்டே முறை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஓசியில் வரும் பொருளைக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.

பூட்ஸுக்கு அவசியம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கடலூர் சில்வர் பீச்சில் காலையில் நடக்கும் எங்கள் ஐந்து பேர் கோஷ்டி, சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே ஒரு முடிவெடுத்தது: டிசம்பரில் உத்தராகண்ட் போய்க் கேதார்காந்தா சிகரம் ஏறுவது. உயரம் 12,500 அடி. கடல் மட்டம் என்பது மற்றவர்களுக்குப் பூகோளப் பாடம். எங்களுக்கு அது முகவரி. இருந்தும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சுக்குக் காப்பியில் அன்றைக்கு இஞ்சி தூக்கலாக இருந்திருக்கும்.

"மாமா, இது பி2 பூட்ஸ்" என்றான் மருமகன். பிரிட்டனில் மலை பூட்ஸை விறைப்பை வைத்துத்தான் தரம் பிரிப்பார்களாம். பி0 என்றால் சாதாரணமாக வளையும், பி1 கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பி2 ஏறக்குறைய வளையாது, பி3 பலகை. அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு பனிக்கட்டியில் நடக்க வேண்டுமே, பூட்ஸ் வளைந்தால் பல் கழன்று விழுந்துவிடும், அதற்காகத்தான் இந்த விறைப்பு என்று விளக்கினான். அந்தப் பற்களுக்குப் பெயர் கிராம்பான்.

"கிராம்பா? அது பல்வலிக்கு இல்ல வைப்பாங்க?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. வலி என்ற சொல் அந்த பூட்ஸோடு முதல்முதலாகச் சேர்ந்தது அங்கேதான்.

புது பூட்ஸைப் போட்டுப் போட்டு நடந்து பழக்க வேண்டும் என்பது மருமகன் விதித்த நிபந்தனை. மறுநாள் விடியற்காலை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். ஜோடி ஏறக்குறைய இரண்டு கிலோ. கீழ்வீட்டுப் பாட்டி, அரிசி மூட்டை உருண்டு வருகிறதென்று கதவைத் திறந்து பார்த்தார். சில்வர் பீச் போய்ச் சேர்வதற்குள் குதிகாலில் சுருக்கென்றது. திரும்பி வருவதற்குள் இரண்டு குதிகாலிலும் சிறு நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம்.

சும்மா சொல்லக் கூடாது, தமிழ் இந்த விஷயத்தைத் துல்லியமாகப் பிடித்து வைத்திருக்கிறது. செருப்பு நமக்கு உரசுவதில்லை, கடிக்கிறது. என் பூட்ஸ் மூன்று இடத்தில் கடித்தது: குதிகாலில், கணுக்காலின் முன்பக்கம் கயிறு இறுக்கும் இடத்தில், சுண்டுவிரலின் வெளிப்புறத்தில். நாய்க்கடிக்காவது ஊசி இருக்கிறது. "புதுச் செருப்பு நம்மளக் கடிக்கறதுக்கு முன்னாடி நாம அதக் கடிச்சிடணும்" என்று என் பாட்டி சொல்வார். அதை நினைவுபடுத்தினாள் மனைவி. மறுப்பதற்கு இல்லை. ஆனால் பி2 பூட்ஸைக் கடிக்க முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல்லாக இருக்க வேண்டும். என் கணக்கில் நான்கு குறைகிறது.

சமதளத்தில் நடந்தால் சரிப்படாது, மேட்டில் ஏறிப் பார் என்று கோஷ்டியில் ஒருவர் யோசனை சொன்னார். கடலூரில் மேட்டுக்கு எங்கே போக? இருப்பது கேப்பர் மலை ஒன்று. மலை என்று கூப்பிடுவது எங்கள் ஊர்ப்பற்று. செம்மண் மேடு, மூச்சைப் பிடித்தால் சைக்கிளிலேயே ஏறிவிடலாம். 1918இல் பாரதி அடைபட்டிருந்த மத்தியச் சிறை அங்கேதான் இருக்கிறது. சிறை மதிலோரம் நான் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து எதிரே வந்த ஒருவர், "இப்பத்தான் வுட்டாங்களா?" என்று பரிவோடு விசாரித்தார்.

இன்னொரு மலையும் உண்டு, திருவந்திபுரத்து ஔஷதகிரி. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதிலிருந்து விழுந்த துண்டு என்பது தலபுராணம். அதாவது இமயமலையில் ஒரு பிடி எங்கள் தாலுகாவிலேயே கிடக்கிறது. உச்சியில் ஹயக்ரீவர், ஏறிப் போக 74 படிகள். இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் உண்டா? ஆனால் செருப்பைக் கழற்றி அடிவாரத்தில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறினேன். வெறுங்காலோடு 74 படியும் சுகமாக இருந்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மரத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோல் பதனிட்டுச் சீமைக்குச் செருப்பு அனுப்புகிற மாநிலம் இது. இங்கே தெரியாத வைத்தியமா? அவர் பூட்ஸை வாங்கி, இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. முட்டியில் வைத்து அழுத்தினார். விரலை மடக்கி அடிப்பாகத்தைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார், தேங்காய் வாங்குகிற மாதிரி.

"சார், உள்ள பட்டை வெச்சுத் தெச்சிருக்கான். தோலா இருந்தா எண்ணெ போட்டு வழிக்குக் கொண்டாந்துடலாம். இது ஆயுசுக்கும் வளையாது. நீங்கதான் வளையணும்."

அவர் பேசியது யோகாசன வகுப்பு மாதிரி இருந்தாலும், அதற்குப் பின்னாலிருந்த சாஸ்திரம் சிதம்பரத்தில்தான் விளங்கியது. அங்கே என்னோடு படித்த எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். கையால் தூக்கிப்போக முடியாத கனம் என்பதால் பூட்ஸைக் காலிலேயே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது பக்கத்தில் நின்றவர் என் காலை மிதித்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. புதுச்சத்திரத்தில் நான் அவர் காலை மிதித்தேன். பஸ் முழுக்கத் தெரிந்தது.

டாக்டர் பூட்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காலைப் பார்த்தார். "ஒரு பாதத்துல 26 எலும்புடா. ரெண்டுக்கும் சேத்து 52." என் வயசும் 52. ஆண்டவன் ஆண்டுக்கொன்றாகக் கொடுத்த எலும்புகள் மொத்தமும் அன்று முறையிட்டுக்கொண்டிருந்தன. நடக்கும்போது குதிகால் எழும்ப வேண்டுமானால் விரல் பக்கம் பாதம் மடங்க வேண்டும். அடி வளையாத பூட்ஸில் அது முடியாது. அதனால் பூட்ஸ் கீழேயே நிற்க, குதிகால் மட்டும் உள்ளே எழும்பி எழும்பி உரசுகிறது. தார் ரோட்டில் எட்டுக்கு எட்டு இதுதான் நடக்கும். சரிவான பனியில் நடக்கவென்றே செய்த பொருளைக் கடலூரில் பழக்குவது, மீன்பிடி வலையை மொட்டை மாடியில் வீசிப் பழகுகிற மாதிரி என்றார்.

நம்மூர்ப் பாதங்களைப் பற்றியும் ஒரு பிரசங்கம் செய்தார். 1992இல் ராவ், ஜோசப் என்ற இரண்டு இந்திய டாக்டர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை எடுத்துப் பார்த்தார்களாம். செருப்புப் போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளில் 2.8 சதவீதம்தான். காலை மூடுகிற ஷூ போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். "நீ பத்தாவது வரைக்கும் செருப்பில்லாம சுத்துன ஆளு. விரலெல்லாம் வெத்தல மாதிரி விரிஞ்சு கெடக்கு. அதக் கொண்டுபோய் வெள்ளக்காரன் அச்சுல சொருகினா எப்படி?" என்றார். என் வறுமையை இவ்வளவு கௌரவமாக யாரும் சொன்னதில்லை.

சிகிச்சை எளிமையானது. மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று. கொப்புளம் வரும் இடத்தில், வருவதற்கு முன்பே மெடிக்கல் ஷாப் பிளாஸ்திரி. கணுக்கால் வளைவில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் குதிகாலைக் கட்டிப்போடுவது, ஆனால் சமதளத்தில் அதற்கு மேலே தளர விடுவது. இறங்கும்போது இறுக்குவது. நகத்தை ஒட்ட வெட்டுவது. இனிமேல் பூட்ஸ் வாங்குவதானால் கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் வாங்குவது. ஓசியில் வருவதற்கு நேரம் பார்ப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

வந்தது வந்தோம் என்று நடராஜர் கோயிலுக்குப் போனேன். கோபுர வாசலில் 108 கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலைத் தலைக்கு மேல் தூக்கியும் பின்னுக்கு மடக்கியும் ஆடுகிறார்கள். ஒரு காலில்கூடக் காலணி இல்லை. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியது உள்ளே ஆயிரங்கால் மண்டபத்தில். அதில் எங்கள் மாவட்டத்து மலையேறி ஒருவர் வருகிறார். திருவாமூரில் பிறந்து, கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய அப்பர். கயிலைக்கு நடந்தே கிளம்பி, பாதம் தேய்ந்ததும் கையால் தவழ்ந்து, கையும் தேய்ந்ததும் மார்பால் நகர்ந்தார். காரைக்காலம்மையார் இன்னும் ஒரு படி மேல். அந்த மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையாலேயே நடந்தார். கொப்புளப் பிரச்சினைக்கு இதைவிட முழுமையான தீர்வு எனக்குத் தெரியாது.

கேதார்காந்தா போய்வந்தோம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பனி தொடங்கிய இடத்திலிருந்து பூட்ஸ் என்னை ஒன்றுமே செய்யவில்லை. சரிவில் நுனியால் ஓர் உதை விட்டால் பனியில் படி விழுந்தது. அந்தப் படியில் பலகைமேல் நிற்பது போல நின்றேன். கெண்டைக்கால் நோகவில்லை. நாற்பது நாளாக என்னோடு மல்லுக்கு நின்ற ஜந்து, சொந்த ஊரைப் பார்த்ததும் பரம சாதுவாகிவிட்டது. மற்ற நால்வரும் சாங்ரி கிராமத்தில் வாடகைக்கு எடுத்த சாதாரண ஷூவில் ரப்பர் வார் வைத்த குட்டிப் பற்களை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்பே உச்சிக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் மூட்டையைச் சுமந்த பையன் கம்பூட்ஸில் வந்தான். இறங்கும்போது உச்சி பார்த்த பெருமிதத்தில் கயிற்றை இறுக்க மறந்தேன். வலதுகால் கட்டைவிரல் நகம் நாவற்பழ நிறத்தில் ஊருக்குத் திரும்பியது.

கோயில் வாசலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த பீடை தொலைந்தது என்பார்கள். மனைவிக்கு இதில் பூரண நம்பிக்கை. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனபோது, "ஏங்க, டோக்கன் போடாதீங்க. சும்மா ஓரமா வுட்டுட்டு வாங்க" என்றாள். கீழவீதியில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, கண்ணில் படும்படி பூட்ஸைக் கழற்றி வைத்தேன். உள்ளே கூட்டமான கூட்டம். தூக்கிய திருவடியை எட்டிப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த இடது காலுக்கு என்ன ஆயிற்று, ஏன் முடங்கியது என்று கேட்டுப் பாபவிநாச முதலியார் ஒரு நிந்தாஸ்துதியே பாடிவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்படியெல்லாம் கேட்கவில்லை. என் நகத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தால் மனைவியின் ரப்பர் செருப்பைக் காணோம். அதற்குப் பக்கத்தில் யாரோ விட்டிருந்த பிய்ந்த வார்ச் செருப்பையும் காணோம். பூட்ஸ் இருந்தது. ஆனால் நான் வைத்தது போல இல்லை. கயிறு அவிழ்ந்து, இடம் வலம் மாறிக் கிடந்தது.

பூக்காரம்மா என்னைப் பார்த்தார். "உங்களுதா சார்? ஒருத்தர் மாட்டினு அந்தத் தேர்முட்டி வரிக்கும் போனாரு. நொண்டினே திரும்பி வந்து இங்கயே வெச்சிட்டுப் போய்ட்டாரு."