கூரை விளக்கு மாற்றுதல்: கற்பிட்டிக் குடாநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டுக் கூரை விளக்கைத் தானே கழற்றி மாட்டுவது பற்றிய ஆய்வு நமது புலமை மரபில் போதிய கவனம் பெறவில்லை. ஏறியவர்கள் இறங்கியதும் எழுதும் மனநிலையில் இருப்பதில்லை என்பதே காரணமாகலாம். இக்குறையைப் போக்க முனையும் இக்கட்டுரையின் களம், ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் இந்து சமுத்திரமும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாடு. ஆய்வுப் பொருள், நடுஅறை ஹோல்டர் ஒன்று. ஆய்வாளர், அதுவரை ஸ்க்ரூ டிரைவரால் பால்மா டின் மட்டுமே திறந்த குடும்பத் தலைவர்.

களத்தேர்வுக்கு நியாயம் உண்டு. இதே குடாநாட்டிலுள்ள நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாட். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு என்று கணக்கிட்டால் 10 கோடி பல்புகள் எரியும். நமது ஆய்வுக்குரியது அவற்றுள் ஒன்று. அந்த மின்சாரம் 220 கிலோவோல்ட்டில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, படிப்படியாக இறங்கி, 230 வோல்ட்டாக வீடுகளுக்கு வருகிறது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருளாக்கியபோது நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன. இப்படி ஊரே இருண்ட நாளில் விளக்கு மாற்றினால் ட்ரிப் சுவிட்சை இறக்கத் தேவையில்லை என்று வாதிடும் ஒரு மரபு உண்டு. அம்மரபை வன்மையாக மறுக்கிறோம். போன கரண்ட் சொல்லிக்கொண்டு திரும்பி வருவதில்லை.

முதல் தடை உப்பு. தென்மேல் பருவக்காற்று கடல் ஈரத்தை ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மூடியைத் திருகித் திறந்தால் இரும்பு ஆணியின் தலை துருப்பொடியாக உதிர்கிறது. வயரை இறுக்கும் பித்தளையில் பச்சைக் களிம்பு. பழைய ஹோல்டரைக் காப்பாற்ற முயல்வது வீண். புதியது வாங்குமுன் பல்பின் அடியைப் பார்க்க வேண்டும்: பின் வகை 22 மில்லிமீட்டர், திருகு வகை 27. கடையில் இரண்டும் ஒரே தட்டில்தான் கிடக்கும்.

அடுத்து, 'சுவிட்ச் ஓஃப்தானே' என்ற புகழ்பெற்ற கருதுகோள். ஏணியைப் பிடித்திருந்த மச்சான் இதை முன்மொழிந்தார்: “சுவிட்ச் ஓஃப், அதுவும் கறுப்பு வயர்தானே, தொடுங்க மச்சான், ஒண்டும் செய்யாது.” ஆதாரங்கள் இதை ஆதரிக்கவில்லை. பழைய பிரித்தானிய முறையில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நடுநிலை. புதிய முறையில் பழுப்பும் நீலமும். ஆனால் பழைய வயரிங்கில் சுவிட்சிலிருந்து விளக்குக்குத் திரும்பும் கம்பிக்கும் கறுப்பையே பயன்படுத்துவார்கள். சுவிட்சைப் போட்டால் அதில் ஓடுவது உயிர்ப்புதான். சில கூரை இணைப்புகளில் சுவரில் ஓஃப் செய்தாலும் ஒரு கம்பியில் கரண்ட் நிற்கும். யாரோ ஒரு வயரிங் பாஸ் சுவிட்சை நடுநிலைக் கம்பியில் பூட்டியிருந்தால் சுவிட்ச் ஓஃப் ஆனாலும் ஹோல்டர் உயிரோடு இருக்கும். ஆகவே ட்ரிப்பை இறக்குமுன் டெஸ்டரைக் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, இறக்கியபின் மேலே வைத்து, மீண்டும் கரண்ட் உள்ள வேறொரு பிளக்கில் வைத்துப் பார்ப்பதே முறை. செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்ததாகவே காட்டும்.

'ஒரு பல்பு கரண்ட் என்ன செய்துவிடும்?' என்போருக்கு ஓர் எண்: 9 வாட் பல்புக்கு ஓடுவது ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருப்பது, அதற்கு மேல் நெஞ்சு தாங்காது என்பதால்.

எனினும் உப்பும் கம்பியும் இரண்டாம் நிலை அபாயங்களே. களஆய்வில் வெளிப்பட்ட முதன்மை அபாயம் மனிதக் காரணி. ட்ரிப்பை இறக்கினால் மின்விசிறியும் நிற்கும். புத்தளத்து வெயிலில் விசிறி நின்றால் உள்அறையில் படுத்திருப்பவருக்கு ஆய்வில் நாட்டம் இருப்பதில்லை. “கரண்ட் வந்திட்டு போல, ட்ரிப்பை ஒருக்கா தட்டுங்களேன்” என்று குரல் எழும். தட்ட ஒரு பேரப்பிள்ளை எப்போதும் தயாராக இருக்கும். அந்நேரம் ஆய்வாளரின் விரல் வயரில் இருக்கும். இத்துறையின் பாடநூல்கள் பேரப்பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

எனவே பரிந்துரை ஒன்றே. வயது வந்த ஒருவரை ட்ரிப் பெட்டிக்குக் கீழே கதிரை போட்டு உட்கார வைத்து, கையில் ஒரு பிளேன்டீயும் கொடுத்துவிட்டு ஏறுங்கள். நீங்கள் இறங்கும்வரை அவர் எழும்பக் கூடாது. அப்படி ஒருவர் வீட்டில் இல்லையென்றால் விளக்கை விடுங்கள். வயரிங் பாஸுக்குப் போன் பண்ணுங்கள்.