லைவ் தம்பி

பதுளை, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில், பேஸ்புக் லைவில் அரசியல் பேசுகிற ஒருவராவது லயத்துக்கு லயம் இருக்கிறார். வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் ஊர் கூப்பிடுவது 'லைவ் தம்பி' என்றுதான். லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. ஆகவே அவருடைய கட்சி அலுவலகம், தண்ணீர்த் தாங்கிக்கு மேலே இருக்கிற பாறை. அடைமழை நாளில் புரட்சிக்கு லீவு.

வெறுமனே கேலி செய்து தள்ளிவிடவும் முடியாது. 2018 ஒக்டோபர் 24, போயா தினம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையகப் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் திரண்டார்களே, அவர்களைக் கூட்டி வந்ததில் பேஸ்புக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்புக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் போனைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்கள். அந்த ஆயிரம் வர்த்தமானியில் ஏற 2021 ஆனது வேறு கதை. நம் தம்பி அன்று போனாரா என்று மட்டும் கேட்காதீர்கள். புரொபைல் படத்தைக் கறுப்பாக்கினார். இன்றைக்கும் "நாங்க காலிமுகத்திடல்ல..." என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

முன்பெல்லாம் தோட்டத் தலைவர் சின்னத்தைக் காட்டினால் லயமே அதற்குப் புள்ளடி போடும். இப்போது தலைவரே தேடி வந்து, "தம்பி, நம்ம கூட்டத்துக்கு ஒரு லைவ் போட்டுவுடுங்களேன்" என்கிறார். ஒரு ரீலோட் வாங்கிக்கொண்டு தம்பி போடுகிறார். மறுநாள் எதிர்த் தொழிற்சங்கத்துக்கும் அதே விலை. இரண்டு பேஜுக்கும் அட்மின் அவரேதான். ராத்திரியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கிழிப்பார், மற்றதிலிருந்து பதிலடியும் கொடுப்பார். சண்டை சூடாகப் போகிறதென்று இரு தலைவர்களுக்கும் திருப்தி. அம்மாவின் சம்பளத்தில் சந்தா பிடிபடுவதோ மூன்றாவது சங்கத்துக்கு.

1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் பாதி ஆயுசு ஓட்டில்லாமல் கழித்தவர் தாத்தா. அவரிடம் ஓடிப்போய், "ஆயிரம் லைக்கு தாத்தா!" என்றார் தம்பி.

"அதுல பதுளையில ஓட்டு உள்ளவன் எத்தன பேருடா?"

டோஹா, சென்னை, டொரொண்டோ என்று பார்த்துக்கொண்டே போன தம்பி போனை அணைத்துவிட்டார்.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் பதுளையில் வென்றார்கள். "நம்ம போஸ்ட்டுதான் வேல செஞ்சிருக்கு" என்றார், மற்றக் கட்சிகளுக்கும் போஸ்ட் போட்டிருந்த தம்பி. ஓட்டுப் போட்ட அன்று தன் மைவிரலைப் படமெடுத்துப் போட்டவர், அம்மாவின் விரலையும் எடுத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "யாருக்கும்மா போட்டீங்க?"

"சொன்னா நீ லைவ் போட்டுருவ, போடா."