சட்டை தைத்து உயர்ந்த நாடு

கேள்வி: சட்டை தைத்தே ஒரு நாடு முன்னேறிவிட முடியுமா?

பதில்: முதல் மாடி வரை ஏறலாம். பங்களாதேஷ் ஏறிக் காட்டியிருக்கிறது. 1979-இல் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் சுமார் 130 பேரைப் பயிற்சிக்காகத் தென்கொரியாவின் டேவூ ஆலைக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகி, வேறு ஆலைகளை வளர்த்தார்கள். முதலாளிக்கு நஷ்டம், தேசத்துக்கு லாபம்! இன்று அந்நாட்டின் ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான். லட்சக்கணக்கான பெண்களின் கையில் சொந்தச் சம்பளம் புழங்குகிறது.

ஆனால், மலிவுக்கும் விலை உண்டு. 2013-இல் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே சரக்கை நம்புவது அடுத்த ஆபத்து: வாஷிங்டனில் வரி ஏறினால், டாக்காவில் அடுப்பு அணையும்.

பயிற்சி தந்த தென்கொரியாவும் ஒருகாலத்தில் துணியும் விக்கும் விற்ற நாடுதான். கல்வியிலும் தொழில்நுட்பத்திலும் பணம் போட்டு கப்பல், கார், சிப் என்று மேலே போனது. குறைந்த கூலியையே நிரந்தர பலமாக நினைக்கும் அரசு, தன் மக்களின் வறுமையைத்தான் ஏற்றுமதி செய்கிறது. தைப்பவரின் மகள் தையல் எந்திரத்தையே வடிவமைக்கும் நாளைத்தான் முன்னேற்றம் என்பேன்.