வீட்டுக் கத்தி மழுங்குவது ஏன்? கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

நல்ல கத்தி எது என்று கேட்பவர் சிலர். இருந்த கத்தியை எவன் எடுத்தான் என்று கேட்பவர் பலர். முதல் வினாவுக்கு விடை சொல்ல ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வினா தேனி மாவட்டத்து அடுப்பங்கரைகளில் நாள் தவறாமல் எழுப்பப்பட்டும் ஆய்வுலகம் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. கத்தியின் தரம் பற்றிய விசாரணையை அந்த இரண்டாம் வினாவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம் வடக்கே பெரியகுளம், தெற்கே குமுளி மலையடிவாரம், கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை. 1996இல் மதுரையிலிருந்து இம்மாவட்டம் பிரிந்தபோது கோப்புகள் பிரிந்தன. கத்தி பிடிக்கும் முறை பிரிந்ததற்குச் சான்றில்லை. ஆகவே முடிவுகள் உசிலம்பட்டிக்கும் செல்லும். அதற்கும் கிழக்கே போய் ஒரு கத்தியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆய்வாளருக்குத் துணிவில்லை. என்னை? அத்திசையில் அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி இருத்தலின்.

இப்பள்ளத்தாக்கைத் தேர்ந்தது ஊர்ப்பாசத்தால் மட்டும் அன்று. 1895இல் பென்னிகுயிக்கின் அணை பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டது முதல், நறுக்க வேண்டிய பொருள் இங்கே பெருகிவிட்டது. விளைவதெல்லாம் தரவாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு இரண்டு விரலும், கொட்டையைத் துப்ப ஓர் இடமும் போதும். போடியில் ஏலத்துக்கு வரும் ஏலக்காயை நசுக்க டம்ளரின் அடிப்பக்கம் போதும். இவை நீக்கப்பட்டன. எஞ்சியவை முருங்கை, வாழை, பீட்ரூட், தேங்காய், மாங்காய், எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்ன வெங்காயம்.

இனி முன்னோர் ஆய்வுகள். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன்பே 1819இல் நம் நாட்டு ஊட்ஸ் எஃகைப் பகுப்பாய்ந்து எழுதினார். ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். வெங்காயம் கண்ணைக் கரிக்கவைக்கும் நொதியை ஆராய்ந்த ஜப்பானியர் குழு 2013இல் இக்நோபல் பரிசு வாங்கியது. 2025இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் வெங்காயத்தை வேகக் கேமரா முன் வெட்டி, கூரான கத்தியால் மெதுவாக வெட்டினால் சாறு குறைவாகத் தெறிக்கிறது என்று காட்டினர். எல்லாம் அருமையான உழைப்பு. ஆனால் இவர்களில் ஒருவராவது, அந்தக் கத்தியால் முந்தின நாள் கூரியர் பார்சலைப் பிரித்தது யார் என்று விசாரித்தாரா?

வைதிகக் கொள்கை இதுதான்: ஷெஃப் கத்தி என்பது 8 அங்குல அலகு, அடியில் அகன்று நுனியில் குறுகுவது, கைப்பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடுவது. ஜெர்மன் மரபில் எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58. விளிம்பின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 பாகைச் சரிவு. ஜப்பானிய மரபில் கடினம் 60க்கு மேல், சரிவு 15. நம் நாட்டு ஆயுத விதிகளும் இங்கே கவனிக்கத்தக்கவை. 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்தி ஆயுதப் பட்டியலில் சேரும். வீட்டு உபயோகத்துக்கென்று செய்தது விலக்கு. சட்டமே வீட்டு உபயோகத்தைச் சாதுவான செயலாக நம்பியிருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் கூட்டுக் குடும்பத்து அடுப்பங்கரையைப் பார்த்ததில்லை போலும்.

மேற்சொன்ன கொள்கை அனைத்தும் கத்தியை நோக்கிக் காய் வராது, காயை நோக்கிக் கத்தி போகும் என்று கொள்கிறது. இப்பள்ளத்தாக்கில் நெடுங்காலம் நடந்தது வேறு. அருவாமனையில் இரும்பு அசையாது. ஒரு காலை மணையில் ஊன்றி உட்கார்ந்து, இரண்டு கையாலும் காயைப் பிடித்து, தன்னை நோக்கி நிற்கும் வளைந்த விளிம்பில் தள்ளினால், காய் அந்த வளைவில் வழுக்கிக்கொண்டே அறுபடும். நேராக அழுத்துவதைவிட இழுவையாக அறுப்பதற்குக் குறைந்த விசை போதும் என்பது பௌதிகம். பட்டறைக்காரர் லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்துத் தந்த இரும்பு அது. அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரிமம் உள்ள வில்லெஃகு, முறையாகத் தோய்த்தால் நல்ல விளிம்பு பிடிக்கும். வாழைக்காய் வெட்டினால் துவர்ப்புப் பட்டுக் கறுத்துப்போகும். ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலை துரு. இவை குறைகளே. வங்காளம், மராட்டியம், ஆந்திரம், கர்நாடகம் எங்கும் இதற்குச் சொந்தபந்தம் உண்டென்பதால் குறைகளைப் பொறுத்துக்கொண்டவர்கள் நாம் மட்டும் அல்லர்.

ஆனால் அருவாமனை தலைமுறை தாண்டிக் கூராக இருந்ததற்கு எஃகோ வளைவோ முதற்காரணம் அன்று. அருவாமனை நடக்காது, அதுவே காரணம். பெயிண்ட் டப்பா மூடியை நெம்ப யாரும் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனதில்லை. ஸ்குரூ திருக அதனால் ஆகாது. அதைப் பயன்படுத்தத் தரையில் உட்கார வேண்டும். அடுப்பங்கரையில் வேலைக்கென்று தரையில் உட்காராதவர் அதன் பக்கம் வரவே மாட்டார். போதாக்குறைக்கு அப்பத்தாவின் காவல்: “அத ஏன்டா தொடுற, கால்ல போட்டுக்கிட்டு நிக்கவா?” ஆளுபவர் ஒருவர், அறுபடுவது காய்கறி மட்டும். எந்த இரும்பும் இந்த ஏற்பாட்டில் நீண்ட நாள் வாழும்.

பிறகு கேஸ் அடுப்பு வந்தது, அடுப்பு மேடையேறியது, சமைப்பவர் எழுந்து நின்றார். நின்றவர் கைக்குக் கத்தி வந்தது. கைக்கு வந்த பொருள் வீடெங்கும் போகும். இந்த ஆய்வில் கிட்டிய தரவுகளைச் சமூகக் கூச்சம் கருதிச் சுருக்கமாகத் தருகிறேன்: பால் பாக்கெட், பார்சல் டேப், கேஸ் சிலிண்டரின் பிளாஸ்டிக் மூடி, தண்ணீர் கேன் மூடி, ரிமோட்டின் பேட்டரிக் கதவு, பிள்ளைகளின் பென்சில், வயர் சீவுதல், பொங்கல் கரும்பு. முழுப் பூசணிக்காயில் முதல் வெட்டைப் பெண் போடக் கூடாது, ஆண் போட வேண்டும் என்று பல வீடுகளில் ஒரு வழக்கு உண்டு. ஆண்கள் கத்தி எடுக்க மரபு வழங்கிய அனுமதி அது ஒன்றே என்று தெரிகிறது. ஏனைய காய்களை அவர்கள் தொடுவதில்லை, காய் அல்லாதவற்றுக்கு அனுமதியைத் தாமே நீட்டித்துக்கொண்டனர்.

இவற்றால் பெறப்படும் விதி: ஒரு கத்தியின் கூர்மை, அதை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலைத் தாண்டியவர்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

அற்றேல், தேங்காய் அடுப்பங்கரைக்குள் இருக்கும் பொருள்தானே, அதனால் மழுங்குவதை எதில் சேர்ப்பது எனின், கூறுதும். தேங்காயைத் துருவுவது சமையல். சில்லை ஓட்டிலிருந்து கத்தி நுனியால் நெம்புவது கட்டட வேலை. பக்கவாட்டில் நெம்பும்போது 60க்கு மேல் கடினமுள்ள ஜப்பானிய விளிம்பு சிறு சிறு பல்லாக உதிரும். 56 உள்ள ஜெர்மன் விளிம்பு மடங்கும், பிறகு தீட்டி நிமிர்த்தலாம். ஆகவே கத்தி வாங்கப்போகிறவர் கடைக்காரரிடம் எஃகின் வகையைக் கேட்கும் முன் தன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். தனியாள், தாமே சமைப்பவர், தேங்காய்ப்பால் பாக்கெட் வாங்குபவர் எனில் 60. மாமியார், மச்சினன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடு எனில் 56க்கு மேல் போவது வீண் செலவு.

மழுங்கலையே வேண்டிநிற்கும் காயும் ஒன்றுண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்-1 முருங்கை உலகத்துக்கே போயிருக்கிறது; காய் ஒன்று இரண்டடிக்கு மேல் நீளும். விரல் நீளத்துக்கு அதை வெட்டும்போது கடைசித் தோலை அறுக்காமல் விட்டு, துண்டை மடக்கி இழுத்தால் நார் உரிந்து வரும். மிகக் கூரான கத்தி அந்தத் தோலையும் சேர்த்து அறுத்துவிடுகிறது. நார் சாம்பாருக்குப் போய் விருந்தாளியின் பல்லிடுக்கில் முடிகிறது. வாழைத்தண்டில் நிலைமை நேர்மாறு. மெல்லிய வில்லையாகக் கூராக அறுபட்டால்தான் நார் இழையாகப் பிரிந்து விரலில் சுற்றிக்கொள்ளும். நறுக்கியதை மோரில் போட்டால் கறுக்காது. ஒரே கத்தி இரண்டுக்கும் உதவுமா என்று கேட்டால், கத்தி உதவும்; கை பழக வேண்டும் என்பதே விடை.

பழக்கம் என்றதும் இன்னொன்று. நம் ஊரில் பலர் பலகையே இல்லாமல் காய் நறுக்குகிறார்கள். பீன்ஸை இடக்கையில் கொத்தாகப் பிடித்து, கத்தியை வலக்கைக் கட்டைவிரலை நோக்கி இழுத்து, சட்டிக்கு மேலேயே அறுப்பது. அந்தக் கட்டைவிரலில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ரேகையோடு ரேகையாகப் படிந்திருக்கும். இந்த முறைக்கு பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்தி போதும். 8 அங்குலம் ஆபத்து. ஷெஃப் கத்தி வாங்குபவர் உண்மையில் ஒரு பலகை வாங்கச் சம்மதிக்கிறார். அதை வாங்காமல் மேடைக் கிரானைட்டின் மேலேயே தக்காளியை வெட்டுவார் எனில் இக்கட்டுரை அவருக்கு உதவாது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் எந்த எஃகுக் கத்தியையும்விடக் கடினம். கறிக்கடைக்காரர் புளியங்கட்டை போட்டு வெட்டுவது அழகுக்காக அன்று. விளிம்பை வாங்கிக்கொள்ளும் மரம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பிடிக்கும் முறைக்கு வருவோம். கைப்பிடியை முழுக்கையால் பற்றாமல், அலகின் கழுத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்வி, மற்ற மூன்று விரல் பிடியில் இருக்க வேண்டும். காயைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகள் உள்ளே மடங்கி, கணுக்கள் அலகுக்குக் காவலாக நிற்க வேண்டும். தக்காளித் தோலின் மேல் கத்தியை வெறும் கனத்தோடு வைத்து இழுத்தால் இறங்குகிறதா என்பது கூர்மைச் சோதனை. இறங்கவில்லையேல் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, மெருகில்லாத அடிவளையத்தில் தண்ணீர் தெளித்து, ஒரே சரிவில் இரண்டு பக்கமும் தீட்டலாம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதும் நன்று. ஆனால் அவர் கல்லில் தீப்பொறி பறந்து விளிம்பில் நீலம் பாய்ந்தால் எஃகு இளகிவிட்டது என்று பொருள். கொஞ்சம் தொட்டு எடுங்கண்ணே என்று சொல்லலாம்; சொன்னால் கோபித்துக்கொள்வார்.

ஆண்டில் ஒரு நாள், சரஸ்வதி பூஜையன்று, கத்தியும் அருவாமனையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் ஏறிவிடும். அன்று அவற்றைத் தொடக் கூடாது என்பதால் சாம்பாருக்குக் காய் முன்கூட்டியே நறுக்கப்பட்டிருக்கும். விதியைச் சோதிக்க இதைவிடத் தூய களம் வாய்க்காது. பொரி பாக்கெட்டைப் பிரிக்கப் பூஜைத் தட்டுக்குள் நீண்ட கை யாருடையது என்பதைக் குடும்ப அமைதி கருதி ஆய்வாளர் வெளியிடவில்லை.

தீர்வாக இரண்டு கத்தி முறை பரிந்துரைக்கப்பட்டுச் செயல்படுத்தவும் பட்டது. மலிவான மஞ்சள் பிடிக் கத்தி ஒன்று எல்லார் கண்ணிலும் படும்படி ஆணியில் தொங்கும். எது வேண்டுமானாலும் அதனால் செய்துகொள்ளலாம். நல்ல 8 அங்குலம் அரிசி டிரம்முக்குள், துணி சுற்றி. சில மாதங்கள் முறை பிழையின்றி நடந்தது. பிறகு சாணைக்காரர் தெருவில் வந்தபோது கைக்கு எட்டிய கத்தி தெருவுக்குப் போயிற்று. அவர் அன்று நிதானமாக இருந்தார் போலும். மஞ்சள் பிடி அற்புதமாகக் கூரேறித் திரும்பியது. வெங்காயமும் வாழைத்தண்டும் அதன் வசம் ஆயின. டிரம்மில் இருந்ததைக் கேட்பார் இல்லை.

கேட்டவர் ஒருவர் வந்தார். சம்பந்தி, குமுளிப் பக்கத்திலிருந்து முழுப் பலாப்பழத்தோடு. இதை வெட்டப் பெரிய கத்தியாகக் குடுங்க தாயி என்றார். அரிசி டிரம்மின் மூடி மரியாதையோடு திறக்கப்பட்டது. வெட்டும் முன் கத்தியில் எண்ணெய் தடவச் சொல்லும் துணிவு வீட்டில் எவருக்கும் இல்லை. பலாப்பால் ஒட்டிய அலகை அவர் துடைத்துச் சுத்தம் செய்தது திண்ணையின் சிமெண்டு விளிம்பில், முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்த்து. அடுப்பங்கரை வாசலைத் தாண்டியவர் எண்ணிக்கையில் சம்பந்தியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மேற்படி விதியில் இதுவரை முடிவாகவில்லை. வீட்டுக்காரம்மா சேர்க்கக் கூடாது என்கிறார்.